தளத்தைத் தாண்டிப் பறந்த ‘லேடி பி குட்’

லிபியப் பாலைவனத்தின் நடுவே ஓர் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்தது. 1959-இல் ஆட்கள் அதற்குள் ஏறிப் பார்த்தபோது துப்பாக்கிகள் சுடும் நிலையில் இருந்தன, ரேடியோ இயங்கும் நிலையில் இருந்தது, குடிதண்ணீரும் உணவும் மிச்சமிருந்தன. ஆட்கள் மட்டும் இல்லை. உடல்கள் இல்லை, ரத்தக்கறை இல்லை, பாராசூட்டுகளும் இல்லை. ‘பேய் விமானம்’ என்ற பெயரில் இந்தக் கதை உலகம் முழுக்கச் சுற்றுவதற்கு இவ்வளவு போதுமானதாக இருந்தது.

எனக்கு இதில் பேயும் தெரியவில்லை, மர்மமும் தெரியவில்லை. அந்த ஒன்பது பேருக்கு என்ன நடந்தது என்பது ஏறத்தாழ மணிக்கணக்கோடு நமக்குத் தெரியும். அதை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒன்று துலங்குகிறது. அவர்கள் திசையில் தவறவே இல்லை. வானத்திலும் சரி, மணலிலும் சரி, தூரத்தில்தான் தவறினார்கள். அப்படித் தவறியதற்கு அவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை என்பது என் கருத்து.

1943 ஏப்ரல். வட ஆப்பிரிக்காவில் ஜெர்மானிய, இத்தாலியப் படைகள் துனீசியாவுக்குள் ஒடுங்கிவிட்டிருந்தன. அவர்களுக்கு வேண்டிய எரிபொருளும் வெடிமருந்தும் கடல்வழியே வந்தன. அந்தச் சரக்கு கப்பலேறிய துறைமுகங்களில் முக்கியமானது இத்தாலியின் நேப்பிள்ஸ். அதைக் குண்டுவீசி முடக்கும் வேலை, பெங்காசிக்கு அருகிலிருந்த சொலுக் தளத்தின் அமெரிக்க 376-ஆம் குண்டுவீச்சுப் பிரிவுக்குத் தரப்பட்டிருந்தது. அவர்களிடம் இருந்தவை பி-24 லிபரேட்டர் விமானங்கள். நான்கு இன்ஜின், 33 மீட்டருக்கு மேல் இறக்கை அகலம், நெடுந்தூரம் போய்வரும் திறன். போர் முடிவதற்குள் 18,000-க்கும் மேற்பட்ட லிபரேட்டர்கள் ஆலைகளிலிருந்து வெளிவந்தன.

அவற்றில் ஒன்றுதான் ‘லேடி பி குட்’. மூக்கில் 64 என்ற எண். மார்ச் 25 அன்றுதான் சொலுக் தளத்துக்கு வந்து சேர்ந்திருந்த புத்தம்புது விமானம். அதில் ஏறிய குழு மார்ச் 18 அன்று வந்திருந்தது. விமானி வில்லியம் ஹாட்டன், துணை விமானி ராபர்ட் டோனர், வழி கணிக்கும் நேவிகேட்டர் டி.பி. ஹேய்ஸ், குண்டு வீசும் பொறுப்பில் ஜான் வொராவ்கா, இன்ஜின் பொறியாளர் ஹரால்ட் ரிப்ஸ்லிங்கர், ரேடியோ ஆபரேட்டர் ராபர்ட் லாமாட், துப்பாக்கி வீரர்கள் கை ஷெல்லி, வெர்னன் மூர், சாமுவேல் ஆடம்ஸ். ஏப்ரல் 4-ஆம் தேதிப் பறப்புதான் இந்தக் குழுவுக்கு முதல் போர்ப் பறப்பு. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அன்று மொத்தம் 25 லிபரேட்டர்கள் இரண்டு அணிகளாகக் கிளம்பின. இரண்டாவது அணியில் பதின்மூன்று. புழுதிப்புயல் வீசிக்கொண்டிருந்தது. ‘லேடி பி குட்’ கடைசியாகப் புறப்பட்டவற்றில் ஒன்று. மதியம் இரண்டேகால் மணி வாக்கில் அது தரையை விட்டு எழுந்தது. இன்ஜினுக்குள் மணல் புகுந்ததால் ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள் திரும்பின. இரண்டாவது அணியில் ஒன்பது தளத்துக்கே வந்துவிட்டன. ‘லேடி பி குட்’ உட்பட நான்கு மட்டும் தொடர்ந்து போயின. அவை நேப்பிள்ஸை நெருங்கும்போது வெளிச்சம் போய்விட்டது, இலக்கு தெரியவில்லை. இரண்டு விமானங்கள் திரும்பும் வழியில் மாற்று இலக்கைத் தாக்கின. மற்ற இரண்டும் குண்டுகளை மத்தியதரைக் கடலில் கொட்டிவிட்டுத் திரும்பின. பகலில் அணியாகப் போகிறவர்களுக்கு முன்னால் பறப்பவரைப் பார்த்துக்கொண்டு போகும் வசதி உண்டு. இருட்டில் திரும்புகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு விமானமும் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். முதல்முறை போருக்குப் போன குழு, நீண்ட அனுபவம் உள்ளவர்களே தடுமாறக்கூடிய ஓர் இரவில், தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

அது அமாவாசையை ஒட்டிய இரவும்கூட. நிலவு இல்லை. கீழே கடலும் கறுப்பு, பாலைவனமும் கறுப்பு. கடல் எங்கே முடிந்து நிலம் எங்கே தொடங்குகிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

நள்ளிரவு தாண்டி 12:12-க்கு ஹாட்டன் தளத்தை ரேடியோவில் அழைத்தார். தானியங்கித் திசையறி கருவி வேலை செய்யவில்லை, திசை சொல்லுங்கள் என்று கேட்டார். பெங்காசிக்கு அருகே பெனினாவில் இருந்த ரேடியோ நிலையம் அவருடைய ரேடியோ அலையைப் பிடித்து, 330 பாகை என்று பதில் சொன்னது. அதாவது நீங்கள் எங்களுக்கு வடமேற்கே, கடலுக்கு மேல் இருக்கிறீர்கள், வந்த திசையிலேயே தொடர்ந்து வாருங்கள். இந்த ஒரு பதிலில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆகவே அந்தக் கருவி எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே பார்க்கலாம்.

அக்காலத் திசையறி கருவியின் உயிர்நாடி ஒரு வளைய வடிவ ஆன்டெனா. அதைச் சுழற்றிக்கொண்டே போனால் ஒலி கூடும், குறையும். வளையத்தின் முகம் அலை வரும் திசைக்கு நேராகத் திரும்பும்போது ஒலி ஏறக்குறைய மறைந்துவிடும். அந்த மறைவுப் புள்ளியை வைத்துத்தான் திசையைக் கணிப்பார்கள். ஆனால் முழுச் சுற்றில் அப்படி ஒலி மறையும் இடம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்றுக்கொன்று நேர் எதிரே, 180 பாகை தள்ளி. அலை முன்னாலிருந்து வந்தாலும் பின்னாலிருந்து வந்தாலும் வளையத்துக்கு ஒன்றுதான். முற்றத்தில் கட்டிய கொடிக்கயிறு கிழக்கு மேற்காக ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம். அதைப் பிடித்து அசைக்கிற ஆள் எந்த முனையில் நிற்கிறான் என்று சொல்ல முடியாது. அதைச் சொல்ல இன்னொரு ஆன்டெனா துணை வேண்டும், அல்லது வேறோர் இடத்தில் உள்ள இரண்டாவது நிலையமும் அதே அலையைப் பிடித்து, இரண்டு கோடுகளும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று பார்க்க வேண்டும்.

330 பாகைக்கு நேர் எதிர்த்திசை 150. அது தென்கிழக்கு, பாலைவனத்தின் உட்பகுதி. விமானம் கடலில் இருந்தாலும் பாலைவனத்தின் மேல் இருந்தாலும், அந்தக் கோட்டில் இருக்கும் வரை கருவி காட்டும் கோடு ஒன்றுதான். நேப்பிள்ஸிலிருந்து வரும் விமானம் வடமேற்கில்தான் இருக்கும் என்று நிலையத்தில் இருந்தவர் எடுத்துக்கொண்டார். அது இயல்பான ஊகம். அன்றிரவு வந்த மற்ற எல்லா விமானங்களும் அங்கிருந்துதான் வந்தன.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஊகம் அப்போதே பொய்யாகிவிட்டிருந்தது தெரிகிறது. விமானத்தில் இருந்தவர்கள் அதிகாலை 2 மணி அளவில் குதித்தார்கள். விமானம் கிடந்த இடம் சொலுக்கிலிருந்து ஏறத்தாழ 710 கிலோமீட்டர் உள்ளே. லிபரேட்டரின் சாதாரண வேகம் மணிக்கு 350 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 12:12-லிருந்து 2 மணி வரை அது சுமார் 620 கிலோமீட்டர் பறந்திருக்கும். அப்படியானால் ஹாட்டன் திசை கேட்ட நேரத்திலேயே அவர் தளத்தைத் தாண்டிவிட்டிருக்க வேண்டும். வேகமும் காற்றும் துல்லியமாகத் தெரியாத தோராயக் கணக்குதான் இது. ஆனால் இரண்டு மணி நேரத்தை எப்படி நீட்டினாலும் சுருக்கினாலும், அந்த அழைப்பு வந்தபோது விமானம் கடலில் வெகுதூரத்தில் இருந்திருக்க வாய்ப்பில்லை.

தளத்தில் இருந்தவர்கள் விமானத்தின் கவனத்தை இழுக்க ஒளிக்குண்டுகளைச் சுட்டார்கள். அவை மேலே இருந்தவர்கள் கண்ணில் படவில்லை.

இங்கே பலரும் நேவிகேட்டர் ஹேய்ஸ் மீது பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவருடைய குறிப்பேட்டில் திரும்பும் வழிக்கான பதிவுகள் நின்றுபோயிருந்தது உண்மை. கடந்த தூரத்தைச் சரியாகக் கணிக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் திசைகாட்டியில் அவர்கள் பார்த்த தென்கிழக்குத் திசை சரியான திசை. தளத்துக்குப் போகும் திசையும், தளத்தைத் தாண்டிப் போகும் திசையும் ஒன்றே என்பதால் திசைகாட்டி அவர்களை எச்சரிக்கவே முடியாது. எச்சரித்திருக்கக் கூடிய ஒரே குரல் கீழேயிருந்த நிலையம். அது ‘அப்படியே வாருங்கள்’ என்ற பொருளில் பேசிவிட்டது. தரையிலிருந்து வந்த உறுதிமொழியை நம்பிய இளைஞர்களை நான் எப்படிக் குறை சொல்வது? அனுபவமில்லாத குழுவை இருட்டில் தனியே விட்டுவிட்டு, அவர்களுக்கு ஒரே ஒரு கோட்டை மட்டும் கையில் கொடுத்த ஏற்பாட்டின் மீதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. ஒன்பது பேரும் பாராசூட்டில் குதித்தார்கள். அவர்கள் விட்டுப்போன விமானம், ஓர் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த நிலையில், தானாகவே தாழ்ந்து தாழ்ந்து இன்னும் 26 கிலோமீட்டர் தெற்கே போய் வயிற்றால் தரையில் சறுக்கி நின்றது. இறக்கைக்குப் பின்னால் முறிந்தது; தீப்பிடிக்கவில்லை. கலன்ஷியோ என்ற அந்தப் பாலைவனத்தின் அந்தப் பகுதி மேசைபோல் தட்டையான கூழாங்கல் வெளி என்பதால்தான் அது நடந்தது.

குதித்தவர்கள் ஒளிக்குண்டு சுட்டும் கைத்துப்பாக்கியால் சுட்டும் ஒருவரையொருவர் தேடிக் கூடினார்கள். எட்டுப் பேர் வந்தார்கள். வொராவ்கா வரவில்லை. அவருடைய பாராசூட் முழுதாக விரியவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

துணை விமானி டோனர் ஒரு சின்ன நாட்குறிப்பு வைத்திருந்தார். ஒரு நாளைக்கு நாலைந்து துண்டு வாக்கியங்கள். முதல் நாள் எழுதியதில், திரும்பும்போது வழி தவறியது, எரிபொருள் தீர்ந்தது, குதித்தது, யாருக்கும் பெரிய காயமில்லை, ஜானை மட்டும் காணவில்லை என்று இருக்கிறது. மறுநாள் வடமேற்கு நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். கையில் இருந்தது கொஞ்சம் உணவும் அரைக் குடுவைத் தண்ணீரும். தலைக்கு ஒரு நாளைக்குக் குடுவை மூடி அளவு ஒன்று.

வடமேற்கு என்பதைக் கவனிக்க வேண்டும். கடலுக்கு இப்பால் வந்துவிட்டோம், தளத்தைத் தாண்டிவிட்டோம் என்பது தரையில் விழுந்ததுமே அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. தென்கிழக்காக வந்தவர்கள் வீடு திரும்ப வடமேற்காகத்தான் நடக்க வேண்டும். திசை மறுபடியும் சரி. ஆனால் அரைக் குடுவைத் தண்ணீரோடு கிளம்பியவர்கள் எழுநூறு கிலோமீட்டர் நடக்கப்போகிறோம் என்று நினைத்துக் கிளம்பியிருக்க மாட்டார்கள். கடற்கரை ஒன்றிரண்டு நாள் நடைதான் என்று நம்பியிருக்கிறார்கள். தூரம் மறுபடியும் தவறு.

விமானத்தைத் தேடித் தெற்கே போயிருக்கலாமே என்று இன்று எளிதாகக் கேட்டுவிடலாம். அங்கே தண்ணீரும் உணவும் ரேடியோவும் இருந்தன என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ஆளில்லாமல் இருட்டில் விழுந்த நாலு இன்ஜின் விமானம் நொறுங்கி எரிந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது எங்கே விழுந்தது என்றும் தெரியாது. உதவி வடக்கே இருக்கிறது என்று நம்புகிற மனிதன், எரிந்த இரும்பைத் தேடி எதிர்த்திசையில் ஒரு நாள் நடப்பானா?

அவர்கள் நடந்த விதத்தைப் பார்த்தால் மரியாதைதான் வருகிறது. உச்சி வெயிலில் படுத்துக்கொண்டு, மாலை 5 மணிக்கு மேல் எழுந்து, இரவெல்லாம் கால் மணி நேரம் நடை, ஐந்து நிமிடம் ஓய்வு என்று கணக்கு வைத்து நடந்திருக்கிறார்கள். பாராசூட் துணியைக் கிழித்துக் கல் வைத்து, அம்புக்குறிபோல் விரித்துக்கொண்டே போயிருக்கிறார்கள், தேடி வருகிறவர்களுக்கு அடையாளமாக. செவ்வாய்க்கிழமை மதியத்தை டோனர் நரகம் என்றே எழுதுகிறார்; விமானம் எதுவும் தென்படவில்லை என்றும் எழுதுகிறார். தென்பட வழியே இல்லை. தேடல் நடந்தது கடலுக்கு மேல். 330 பாகையில் இருந்த விமானம் கடலில்தானே விழுந்திருக்கும்!

வியாழக்கிழமை கூழாங்கல் வெளி முடிந்து மணற்குன்றுகள் தொடங்கின. இது அவர்கள் எதிர்பாராத அடி. கெட்டித் தரையில் நடக்கிறவனுக்கும் சரியும் மணலில் ஏறி இறங்குகிறவனுக்கும் செலவாகும் உயிர்ச்சக்தி வேறு. லாமாட்டின் கண்கள் போய்விட்டன, மற்றவர்கள் கண்களும் மோசம் என்று அன்றைய குறிப்பு சொல்கிறது. வெள்ளிக்கிழமை ஷெல்லி, ரிப்ஸ்லிங்கர், மூர் மூவரும் உதவி தேடி முன்னால் போனார்கள். மற்ற ஐவரால் எழுந்து நடக்க முடியவில்லை. இரவில் வெப்பம் ஏறத்தாழ 2 பாகை செல்சியஸுக்கு இறங்கியது; மறைவென்று எதுவுமில்லை; மிச்சமிருந்தது ஒரே ஒரு பாராசூட். சனிக்கிழமை இரண்டு பறவைகளைப் பார்த்ததை டோனர் எழுதிவைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் இருந்தால் பிழைத்துவிடுவோம், நாக்கை நனைக்கத்தான் மிச்சம் இருக்கிறது என்று எழுதுகிறார். ஏப்ரல் 12, திங்கட்கிழமை: இன்னும் உதவி வரவில்லை, கடுங்குளிர் இரவு. அதற்குமேல் பக்கம் காலி.

குதித்த இடத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அதிகமாக அவர்கள் வந்திருந்தார்கள். முன்னால் போன ஷெல்லி அதற்கும் அப்பால் 30 கிலோமீட்டருக்கு மேல் நடந்திருந்தார். ரிப்ஸ்லிங்கர் 40 கிலோமீட்டருக்கு மேல். ரிப்ஸ்லிங்கரும் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். மணற்குன்றுகளிலிருந்து வெளியேறித் தண்ணீரைக் கண்டுபிடிக்க இன்னும் போராடுகிறோம் என்பது அதன் கடைசிச் செய்தி.

போர் முடிந்தது. கடலில் காணாமல் போனதாகக் கருதப்பட்ட விமானத்தைப் பாலைவனத்தில் யாரும் தேடவில்லை. ஐம்பதுகளின் இறுதியில் லிபியாவில் எண்ணெய் தேடும் வேலை சூடுபிடித்தபோதுதான் அந்தப் பக்கம் மனித நடமாட்டமே வந்தது. 1958-இல் ஆய்வு விமானங்களில் பறந்தவர்கள் மணலில் ஒரு விமானம் கிடப்பதைப் பார்த்துச் சொன்னார்கள். டிரிப்போலிக்கு அருகிலிருந்த வீலஸ் அமெரிக்க விமானத் தளத்துக்குத் தகவல் போனது. அந்த வட்டாரத்தில் விமானம் எதுவும் காணாமல் போனதாக ஏட்டில் இல்லை என்பதால் அது கிடப்பில் போடப்பட்டது. 1959 பிப்ரவரியில் பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனத்தின் நில ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்த்தார்கள். மே மாதம் அமெரிக்க ராணுவக் குழு வந்தது. தெர்மோஸில் இருந்த பானம்கூட அப்போதும் குடிக்கும்படி இருந்ததாம். ஈரமில்லாத காற்று துருவை அண்டவிடவில்லை.

பாராசூட் துணி அம்புகளைப் பின்தொடர்ந்து வடக்கே போன அந்தக் குழு மணற்குன்றுகளோடு நின்றுவிட்டது; உடல்களை மணல் மூடியிருக்கும் என்று முடிவு கட்டியது. அவ்வளவு பலவீனமானவர்கள் குன்றுகளுக்குள் அவ்வளவு தூரம் போயிருக்க முடியும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. 1960 பிப்ரவரி 11 அன்று ஐவரின் எச்சங்களும் டோனரின் நாட்குறிப்பும் குன்றுகளுக்குள்ளே கிடைத்தன, கண்டவர்கள் மறுபடியும் எண்ணெய்த் தேடல்காரர்கள். அதன் பிறகு ராணுவமும் விமானப்படையும் சேர்ந்து பெரிய தேடலைத் தொடங்கின. மே மாதத்தில் ஷெல்லியும் ரிப்ஸ்லிங்கரும், ஆகஸ்டில் வொராவ்காவும் கிடைத்தார்கள். வெர்னன் மூர் கிடைக்கவில்லை. 1953-இல் பிரிட்டிஷ் ரோந்துக் குழு ஒன்று யாரென்று தெரியாமல் பாலைவனத்தில் புதைத்த எலும்புகள் அவருடையவையாக இருக்கலாம் என்ற பேச்சு உண்டு. உறுதியாகவில்லை.

விமானத்தின் கதை அதற்குப் பிறகும் நீண்டது. பாலைவனம் பொருட்களை என்ன செய்கிறது என்று ஆராய அதன் பாகங்கள் அமெரிக்காவுக்கு எடுத்துச் செல்லப்பட்டன. சில பாகங்கள் வேறு விமானங்களில் பொருத்தப்பட்டன. அவற்றில் ஒரு விமானத்துக்கு புரொப்பெல்லர் கோளாறு, இன்னொன்று கடலில் இறங்க நேர்ந்தது. பத்துப் பேரோடு சித்ரா வளைகுடாவில் விழுந்த ராணுவ ஆட்டர் விமானத்தில் ‘லேடி பி குட்’ இருக்கையின் கைப்பிடி இருந்ததாகச் சொல்வார்கள். இங்கிருந்துதான் சாபக் கதை பிறந்தது. இருக்கைக் கைப்பிடி ஒரு விமானத்தைக் கடலில் தள்ளாது. அந்தப் பத்துப் பேரின் சாவுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். சாபம் என்று சொல்வது அதைத் தேட வேண்டாம் என்று சொல்வதாகும். ஹாட்டன் குழுவின் விஷயத்தில் ‘மர்மம்’ என்ற சொல் செய்கிற கெடுதலும் இதுதான்.

அமெரிக்க விமானப்படையின் அருங்காட்சியகம் ஓஹையோ மாநிலத்தின் டேட்டனில் இருக்கிறது. விமானத்தின் சில பொருட்களும், வீலஸ் தளத்துத் தேவாலயத்தில் இந்தக் குழுவின் நினைவாக வைத்த வண்ணக் கண்ணாடிச் சாளரமும் இப்போது அங்கே உள்ளன. ஒரு புரொப்பெல்லர் லாமாட்டின் ஊரான மிச்சிகனின் லேக் லிண்டனில் நிறுத்தப்பட்டிருக்கிறது. மணலில் எஞ்சிய உடற்பகுதியை வந்து போனவர்கள் எல்லாம் ஆளுக்கொரு துண்டாக நினைவுப்பொருள் என்று பெயர்த்தெடுத்துப் போனார்கள். பதினைந்து ஆண்டுகள் வெயிலும் மணற்புயலும் செய்யாத சேதத்தை அடுத்த முப்பது ஆண்டுகளில் மனிதக் கைகள் செய்தன. 1994 ஆகஸ்டில் லிபியத் தொல்பொருள் அறிஞர் ஃபாதல் அலி முகமது தலைமையிலான குழு, மிச்சமிருந்ததை லாரிகளில் ஏற்றி டோப்ருக்கில் உள்ள ராணுவ வளாகத்துக்குக் கொண்டுபோனது. விழுந்த இடத்திலேயே விட்டிருக்க வேண்டும் என்று வாதிடுபவர்கள் உண்டு. அன்றைய நிலையில், விட்டிருந்தால் மிஞ்சுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.